ஊசி போன இடம்

முடிச்சக்காவுக்குப் பிரிக்கத் தெரியும். தைக்கத் தெரிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். பிரிக்கத் தெரிந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்? பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையில் அவள் பதினொரு வருடம் இருந்தாள். அங்கே யார் எதைக் கோணலாகத் தைத்தாலும் அது கடைசியில் அவள் மேசைக்குத்தான் வரும். ஊசி முனையால் நூலைக் கண் கண்ணாக எடுப்பாள். நகத்தால் துணியை இரண்டு தடவு தடவுவாள். அவ்வளவுதான், அங்கே தையல் இருந்ததற்கு அடையாளமே இருக்காது.

"இவ கையில கொடுத்தா நேத்து நடந்ததையே இல்லேன்னு ஆக்கிடுவா" என்பார் பட்டறைக்காரர். அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். உள்ளுக்குள் ஒரே பெருமை.

பட்டறையை மூடியபோது அவளுக்கு முப்பத்தேழு வயது. கல்யாணம் வேண்டாம் என்று எப்போதோ முடிவுசெய்து, அண்ணன் வீட்டுப் பின்னறையில் ஒரு கட்டிலும் ஒரு தையல் மெஷினுமாகக் குடியிருந்தாள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு மருத்துவமனையில் லிஃப்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது யாரோ சொன்னார்களாம், ஊருக்கு வெளியே ஒரு கம்பெனியில் கையால் தைக்க ஆள் எடுக்கிறார்கள் என்று.

"என்ன தைக்கணுமாம் அண்ணே?"

"ரத்தக் குழாய்னு சொன்னாங்க."

"போங்கண்ணே, விளையாடாதீங்க!"

அவர் விளையாடவில்லை. இதயத்திலிருந்து கிளம்பி, வளைந்து, முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்கும் பெருந்தமனி இருக்கிறதே, உடம்பிலேயே பெரிய ரத்தக் குழாய், அது சிலருக்கு ஓரிடத்தில் பலூன் போலப் புடைத்துக்கொள்ளும். வெடித்தால் ஆள் பிழைப்பது கஷ்டம். அதற்குள்ளே சொருகிவைக்க ஒரு துணிக்குழாய் வேண்டும். வெள்ளை நிறம், பட்டு மாதிரி நெருக்கமான நெசவு, கட்டைவிரலைவிடச் சற்றுப் பெரிய வாய். அதைச் சுற்றி வளையம் வளையமாக, மலையும் பள்ளமுமாக வளைத்த மெல்லிய கம்பி. அந்தக் கம்பியைத் துணியோடு பிணைப்பது மெஷின் இல்லை. கை! ஒரு குழாய்க்கு அறுநூறு தையலுக்கு மேல். ஒவ்வொரு முடிச்சுக்கும் நாலு சுற்று. ஒரு குழாய் முடிய இரண்டரை நாள்.

கிளீன் ரூம் என்று சொல்லும் அந்தக் கூடத்துக்குள் போக வேண்டுமென்றால் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு மாட்ட வேண்டும். கண் மட்டும்தான் வெளியே தெரியும். பவுடர், பொட்டு, மோதிரம் எதுவும் கூடாது. பூதக்கண்ணாடிக்குக் கீழே குனிந்த முப்பது முதுகுகள். சத்தம் என்று பார்த்தால் காற்று வடிகட்டியின் உறுமல் மட்டும்.

முதல் நாளே பயிற்சி கொடுத்தவர் ஒரே ஒரு சட்டத்தைத்தான் மூன்று தடவை சொன்னார்: "ஊசி போன இடம் போன இடம்தான். இங்க பிரிக்கிற வேலையே கிடையாது. தப்பான இடத்துல குத்திட்டீங்களா, கையைத் தூக்குங்க. குழாயை சிவப்புப் பெட்டியில போடுங்க. எத்தனை நாள் வேலையா இருந்தாலும் சரி."

காரணமும் சொன்னார். ஊசியை உருவிவிட்டாலும் துளை இருக்கும். இதயம் ஒரு நாளைக்கு லட்சம் தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் துணி விம்மி அடங்கும். பக்கத்திலேயே கம்பி. துளை நாளடைவில் கிழிசலாகலாம்.

முடிச்சக்கா தலையாட்டினாள். அப்போது அவளுக்கு அந்தப் பெயர் வரவில்லை. அவள் போடும் முடிச்சு எள்ளில் பாதி அளவில், எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருப்பதைப் பார்த்துப் பின்னால் வைத்த பெயர் அது.

சேர்ந்து எட்டாவது மாதம். ஒரு குழாய், கடைசி வளையம், இன்னும் ஒன்பது தையல் பாக்கி. தும்மல்கூட இல்லை, யாரும் இடிக்கவும் இல்லை. ஊசி சும்மா அரை மில்லிமீட்டர் தள்ளிப் போய்விட்டது. நூல் இன்னும் நுழையவில்லை, முனை மட்டும்தான்.

அவள் கையைத் தூக்கவில்லை.

யோசித்துச் செய்திருந்தால் பரவாயில்லை. யோசிக்கவே இல்லையே! பதினொரு வருடப் பழக்கம் தானாக வேலை செய்தது. ஊசி பின்னால் வந்தது. முனையால் நெசவு இழையை இப்படி ஒரு தள்ளு, அப்படி ஒரு தள்ளு. கண்ணாடியில் பார்த்தாள். ஒன்றுமே தெரியவில்லை. சரியான இடத்தில் குத்தி, நாலு சுற்று முடிச்சும் போட்டாள். அத்தனையும் இருபது விநாடிக்குள்.

அதற்குப் பிறகுதான் என்ன செய்தோம் என்பது உறைத்தது. கையைத் தூக்க இன்னும் நேரம் இருந்தது. தூக்கவில்லை. புது ஆள், இரண்டரை நாள் வேலை, வீட்டில் அண்ணன் "என் தங்கச்சி ரத்தக் குழாய் தைக்கிறா" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். குழாய் தட்டில் ஏறி அடுத்த அறைக்குப் போய்விட்டது.

அடுத்த அறையில் விளக்கம்மா இருந்தார். தரம் பார்க்கும் பெண்மணி. ஒளிரும் கண்ணாடித் தண்டில் குழாயை மாட்டி, அங்குலம் அங்குலமாகச் சுற்றிப் பார்ப்பார். துளை இருந்தால் அங்கே ஒரு புள்ளி வெளிச்சம் கசியும். ஒரு வாரம் முடிச்சக்கா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. அடுத்த வாரம் கூடத்தில் இருந்த எல்லாரையும் உட்காரவைத்து இரண்டு மணி நேரம் மறுபயிற்சி என்றார்கள். அவள் பாட்டுக்குப் போய் உட்கார்ந்து வந்தாள். அப்புறம் ஒன்றும் இல்லை.

போய்விட்டது என்று முடிவுகட்டினாள். அவளுடைய துளை யாரோ ஒருவர் நெஞ்சுக்குள் போய்விட்டது.

ஆறு வருடம் இதை யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக நன்றாகத் தைத்தாள். கொஞ்சநஞ்சம் சந்தேகம் வந்தாலும் கையைத் தூக்குவாள், குழாய் சிவப்புப் பெட்டிக்குப் போகும். "முடிச்சக்காவுக்கு மனசாட்சி ஜாஸ்தி" என்றார்கள். வருடத்துக்கு ஒருமுறை எல்லாருக்கும் கண் பரிசோதனை நடக்கும்: நாலு விரல் அகலத்துக்கு வெட்டிய ஒரு குழாய்த்துண்டைக் கொடுத்து, அதில் ஒளிந்திருக்கும் குறையைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். மற்றவர்கள் பத்து நிமிடம் தேடுவார்கள். முடிச்சக்கா ஒரே நிமிடத்தில் விரல் வைத்துவிடுவாள்.

அவளுக்குப் பிடிக்காத ஆள் ஒருத்தி கூடத்தில் உண்டென்றால் அது ரேடியோ. ஜன்னலோரத்து மேசைக்காரி. உள்ளே பேசக் கூடாது என்பதால், அடக்கிவைத்ததையெல்லாம் சாப்பாட்டு மேசையில் கொட்டுவாள். அவள் வீட்டு ஃபிரிட்ஜ் எப்படிச் சத்தம் போடுகிறது, மாடி வீட்டுக்காரன் செருப்பு எப்படிச் சத்தம் போடுகிறது, இரண்டில் எது மோசம். முடிச்சக்கா டப்பாவைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போய்விடுவாள். வீட்டுக்கு வந்து அண்ணனிடம் புலம்புவாள். "இப்படி வாய் ஓயாம பேசுறவ ஊசியில எப்படிண்ணே கவனம் வைப்பா? அவ தைச்ச குழாயை யாருக்கு வைக்கிறாங்களோ, பாவம்!"

யாரைப் பார்த்து யார் சொல்வது என்று அவளுக்கே உறைக்கும். உடனே பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

அண்ணனுக்குக் குரல் கம்மத் தொடங்கியது ஒரு மழைக்காலத்தில். முதலில் எல்லாரும் கேலி செய்தார்கள். "லிஃப்ட் குழிக்குள்ள நின்னு கத்தினா தொண்டை என்னத்துக்கு ஆகும்?" என்றார் அண்ணி. வெந்நீர் கொடுத்தார்கள். இரண்டு மாதமாயிற்று, குரல் திரும்பவில்லை. தொண்டை டாக்டர் உள்ளே கேமரா விட்டுப் பார்த்துவிட்டு, இடதுபக்கக் குரல்நாண் அசையவில்லை, தொண்டையில் கோளாறு இல்லை, நெஞ்சைப் படம் எடுங்கள் என்றார். எக்ஸ்ரே எடுத்ததும் அவர் முகமே மாறிவிட்டது. அன்று மாலையே சி.டி. ஸ்கேன்.

குரல்நாணுக்குப் போகும் நரம்பைப் பெருந்தமனி இடித்துக்கொண்டிருந்தது. புடைப்பு.

அறுவை மருத்துவர் இளம்பெண். திரையில் படத்தைச் சுழற்றிக் காட்டினார். "இந்த இடத்துல ரெண்டரை, மூணு சென்டிமீட்டர் இருக்கணும். உங்களுக்கு ஆறேகால். விட்டு வைக்கிறது நல்லதில்ல. நெஞ்சைப் பிளக்க வேணாம். தொடை இடுக்குல இருக்கிற ரத்தக் குழாய் வழியா, மடிச்சு வச்ச ஸ்டென்ட் கிராஃப்ட்டை மேல கொண்டு போய் இங்க விரிச்சு விடுவோம். அப்புறம் ரத்தம் புதுக் குழாய்க்குள்ள ஓடும். புடைச்ச சுவர் மேல அழுத்தம் விழாது."

"முப்பத்திரெண்டுக்கு இருநூறா டாக்டர்?" என்று முடிச்சக்கா கேட்டாள். வாய் தானாகக் கேட்டுவிட்டது.

மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். "ஆமா, அகலம் முப்பத்திரெண்டு மில்லிமீட்டர், நீளம் இருநூறு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதைத் தைக்கிறதே இவதான் டாக்டர்" என்றார் அண்ணன், கம்மிய குரலில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அந்த நேரத்திலும் பெருமை விட்டுப்போகவில்லை அவருக்கு!

மருத்துவர் அவள் விரல்களைப் பார்த்தார், ஏதோ கோயிலைப் பார்க்கிற மாதிரி. பிறகு ஒளிக்காமல் மற்றதையும் சொன்னார். நூறு பேரில் சிலருக்கு முதுகுத்தண்டுக்குப் போகும் ரத்தம் குறைந்து கால் செயலிழக்கலாம். குழாயின் ஓரத்தில் கசியலாம். வருடா வருடம் ஸ்கேன் எடுக்க வேண்டும். பத்து நாளுக்குள் முடிவு சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் "வேணாம்" என்றார்.

"என்னங்க வேணாம்?" அண்ணி இடுப்பில் கைவைத்து நின்றார்.

"லிஃப்ட் கயிறு தேஞ்சா கயிறை மாத்தணும். கயித்துக்கு சட்டை தைச்சுப் போடறதை நான் எங்கேயும் பார்த்ததில்ல."

"உங்க நெஞ்சு என்ன லிஃப்ட்டா?"

"அதைவிட மோசம். லிஃப்ட்டுன்னா நான் உள்ள போய்ப் பார்த்துக்குவேன்."

அதுதான் விஷயம். வலிக்கு அவர் பயந்தவரில்லை. தொட்டுப் பார்க்க முடியாததற்குத்தான் பயம். இருபத்தெட்டு வருடமாக அவருக்கு ஒரு பழக்கம். எந்த லிஃப்ட்டைச் சரிசெய்தாலும், முதலில் தனியாக அவர்தான் ஏறுவார். கீழிருந்து உச்சிவரை, மாடி மாடியாக நிறுத்தி, கதவைத் திறந்து மூடி, மறுபடி கீழே. அதற்குப் பிறகுதான் வேறு ஆள் ஏறலாம். எத்தனை பெரிய மனிதர் அவசரப்பட்டாலும் "முதல் சவாரி என்னோடது" என்பார்.

நாலு நாள் வீட்டில் பேச்சில்லை. ஐந்தாம் நாள் காலை டீ குடிக்கும்போது அவர் தங்கையைப் பார்த்தார். நாற்பத்து நாலு வயதானாலும் அவருக்கு அவள் பாப்பாதான்.

"பாப்பா, ஒண்ணு கேட்கிறேன். நான் சரி பண்ணின லிஃப்ட்ல நான் முதல்ல ஏறுவேன். அந்த மாதிரி, நீங்க தைக்கிற குழாயை உன் நெஞ்சுல வச்சுக்குவியா? யோசிச்சு சொல்லு. நீ சரின்னு சொன்னா நான் இன்னைக்கே போய் படுத்துடறேன். இல்லேன்னா விட்டுடுவோம்."

ஒரே ஒரு 'சரி'. அவள் வாயைத் திறந்தாள். பொய் சொல்வது பெரிய காரியமில்லை. ஆனால் கேட்பவர் யார்? மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்கிறவர். அவள் தொண்டைக்குள் என்ன தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்காமலா போவார்?

"நாளைக்கு சொல்றேண்ணே" என்றாள்.

அண்ணன் டீயைக் கீழே வைத்தார். சமையலறையில் அண்ணிதான் அவளைப் பிடித்துக்கொண்டார். குரலை அடக்கினாலும் கண்ணை அடக்க முடியவில்லை.

"ஒரு சரி சொல்ல உனக்கு என்னடி கஷ்டம்? நான் ஆயிரம் சொன்னாலும் கேட்காத மனுஷன், நீ ஒண்ணு சொன்னா கேட்பாரு. அந்த ஒண்ணு உன் வாயில வரலையா?"

"வரும் அண்ணி."

"எப்ப? அது வெடிச்சப்புறமா?"

அவள் பஸ்ஸைப் பிடித்து நேரே கம்பெனிக்குப் போனாள். வெள்ளை உடுப்பை மாட்டவில்லை. விளக்கம்மாவின் சின்ன அலுவலக அறைக் கதவைத் தட்டினாள். வேலை போனால் போகட்டும் என்றுதான் தட்டினாள்.

"அம்மா, ஆறு வருஷத்துக்கு முன்னாடி நான் ஒரு குழாயில ஊசியை வெளிய எடுத்தேன். கையைத் தூக்கலை. அது யாருக்கோ போயிடுச்சு. யாருக்குப் போச்சு, இருக்காங்களா இல்லையா, தெரியணும். எங்க அண்ணனுக்கு இப்ப இதே வைக்கணும்ங்கிறாங்க. வச்சுக்கலாமான்னு என்னைக் கேட்கிறாரு. எனக்கு வாய் வரலை."

விளக்கம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். "கடைசி வளையம். எட்டாவது மலைக்கு இடதுபக்கம்" என்றார்.

முடிச்சக்கா நிமிர்ந்து பார்த்தாள். அது அவள் ஊசி தள்ளிப்போன அதே இடம்.

"என் கண் வழியா போகாம இங்கிருந்து எதும்மா வெளிய போகும்? மறுநாளே பிடிச்சுட்டேன். ஒரே ஒரு புள்ளி, ஊசி முனை அளவு வெளிச்சம். இழையை நல்லாத்தான் மூடியிருந்தே. கெட்டிக்காரிதான். ஆனா வெளிச்சத்துக்கு உன் கெட்டிக்காரத்தனமெல்லாம் தெரியாதே!"

"அப்புறம் ஏம்மா என்னைக் கூப்பிடலை?"

"ஆளைக் கூப்பிட்டுத் திட்டினா அடுத்தவ இன்னும் நல்லா மறைப்பா. அதனால இங்க துளை கிடைச்சா கூடத்துக்கே மறுபயிற்சி. முப்பது பேரும் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தீங்களே, நினைவிருக்கா? அது உன்னோடது. அதுக்கப்புறம் ஒரு வருஷம், பார்த்து முடிச்சு, தைச்சது நீன்னு தெரிஞ்சதும் அந்தக் குழாயை இன்னொரு தடவை பார்த்தேன். நீயா வந்து சொல்லுவேன்னும் பார்த்தேன். நீ என்னடான்னா ஆறு வருஷம் எடுத்துக்கிட்டே."

"அந்தக் குழாய் என்னாச்சும்மா?"

விளக்கம்மா அலமாரியைத் திறந்து ஒரு நீலப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். கண் பரிசோதனைக்குக் கொடுக்கும் அந்த நாலு விரல் துண்டு! வருடா வருடம் முடிச்சக்கா ஒரே நிமிடத்தில் விரல் வைக்கும் துண்டு!

"இதே துளைதான். வெட்டி வச்சிருக்கேன். ஒவ்வொரு வருஷமும் நீ டக்குன்னு கண்டுபிடிக்கும்போது எனக்கு சிரிப்பை அடக்க முடியாது. கை தன் வேலையை மறக்குமா?"

முடிச்சக்காவுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டையும் சேர்த்தே செய்தாள். ஆறு வருடமாக ஒரு முகம் தெரியாத மனிதரை அவள் சுமந்துகொண்டிருந்தாள். அவரை எத்தனையோ தடவை சாகடித்திருக்கிறாள். அப்படி ஒரு மனிதரே இல்லை!

"டாக்டருங்க சொல்லுவாங்க, அந்த மாதிரி ஒரு துளையை ரத்தமே உறைஞ்சு அடைச்சுக்கும்னு. அடைக்கலாம். நமக்கு அந்தக் கணக்கு வேணாம். நீ இப்ப சொன்னதை எழுதிக் கொடு. ஆறு வருஷம் லேட்டா வந்தாலும் ஃபைல்ல போகணும்." காகிதத்தை நீட்டினார். பிறகு சன்னமாகச் சொன்னார்: "இந்தக் கட்டடத்துல ஊசி தப்பாத கை கிடையாதும்மா. என்னோடதும் சேர்த்துத்தான். நானும் உன் மேசையிலதான் ஆரம்பிச்சேன்."

அன்று மாலை அவள் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஊசி தள்ளிப்போனது, இழையை மூடியது, கையைத் தூக்காதது, ஆறு வருடம், நீலப் பெட்டி. அண்ணி வாசற்படியிலேயே நின்று கேட்டார், தலையில் அடித்துக்கொள்ளத் தயாராக. இந்த நேரத்தில் இந்தப் பைத்தியம் தன் குறையை அவிழ்க்கிறதே!

அண்ணன் ஒரு மெக்கானிக்காகக் கேட்டார்.

"வெளிச்சத்துல பார்க்கிறாங்களே அந்த அம்மா, அவங்க கண்ணை யாரு பார்க்கிறா?"

"அவங்களுக்கும் வருஷா வருஷம் பரிசோதனை உண்டுண்ணே. வேற ஊர்லேர்ந்து ஆள் வருவாங்க."

"யார் தைச்சதுன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"பார்த்து முடிக்கிற வரைக்கும் தெரியாது. சீட்டு மடிச்சிருக்கும்."

"தப்பு எத்தனை பிடிக்கிறாங்க?"

"மாசம் நாலஞ்சு."

அண்ணன் காலியான டீ டம்ளரைக் கையில் சுழற்றினார். பிறகு சிரித்தார். குரல் இல்லாத சிரிப்பு, வெறும் காற்று.

"பாப்பா, ஒவ்வொரு லிஃப்ட்டுக்கும் மேல மோட்டார் ரூம்ல ஒரு புகார்ப் புத்தகம் தொங்கும். எந்தத் தேதியில என்ன கோளாறு, யாரு பார்த்தாங்கன்னு எழுதணும். நான் புதுக் கட்டடத்துக்குப் போனா முதல்ல அதைத்தான் புரட்டுவேன். புத்தகம் நிறைஞ்சிருந்தா பயமில்லாம ஏறுவேன். ஒண்ணுமே எழுதாம பளிச்சுன்னு இருந்தா படியில நடந்துடுவேன். நீ காலையில உடனே சரின்னு சொல்லியிருந்தா, சத்தியமா நான் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"அப்போ?" என்றார் அண்ணி.

"முதல் சவாரி என்னோடது இல்லையேன்னு ஒரே ஒரு வருத்தம்தான்."

"உங்களுக்கு முன்னாடி ஆயிரக்கணக்கான பேர் ஏறி இறங்கிட்டாங்கண்ணே."

"ஏறட்டும், ஏறட்டும்" என்று அவர் செல்போனை அண்ணியிடம் நீட்டினார். "டாக்டருக்கு நீயே பேசு. என் குரல் அவங்களுக்குக் கேட்காது."

அறுவை சிகிச்சையன்று காலை எட்டு மணிக்கு அண்ணனை உள்ளே கொண்டுபோனார்கள். காத்திருக்கும் கூடத்தில் முடிச்சக்காவும் அண்ணியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவளுக்கு உள்ளே நடப்பது ஒவ்வொன்றும் தெரியும் என்பதுதான் பெரிய கொடுமை. இந்நேரம் குழாய் மடங்கி உறைக்குள் இருக்கும். இந்நேரம் இடுப்பைத் தாண்டியிருக்கும். உறையைப் பின்னால் இழுத்ததும், உடம்புச் சூட்டில் கம்பி தன் வடிவத்தை நினைத்துக்கொண்டு விரியும். முதல் வளையம், இரண்டாவது, மூன்றாவது. அவள் மடியில் விரல்கள் தானாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன. நாலு சுற்று, வெட்டு. நாலு சுற்று, வெட்டு. அண்ணி அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்து அமுக்கிக்கொண்டார்.

பதினொன்றரைக்கு மருத்துவர் வந்தார். குழாய் சரியான இடத்தில் உட்கார்ந்துவிட்டது, கசிவு தெரியவில்லை. ஆனால் அவர் கண்விழித்துக் காலை அசைக்கும்வரை எதையும் முழுசாகச் சொல்ல முடியாது.

ஒரு மணிக்கு இருவரையும் உள்ளே விட்டார்கள். அண்ணன் முகம் வெளிறிக் கிடந்தது, கண் பாதி திறந்திருந்தது. நர்ஸ் போர்வையைக் காலடியில் விலக்கினாள்.

"ஐயா, கால் விரலை அசைங்க."

இடது கால் கட்டைவிரல் அசைந்தது. நன்றாக, மேலும் கீழும்.

"அந்தக் காலையும்."

வலது கால் அசையவில்லை.

நர்ஸ் குனிந்தாள். "ஐயா, வலது கால்." ஒன்றும் இல்லை. அண்ணியின் நகம் முடிச்சக்காவின் மணிக்கட்டில் பதிந்தது. சுவர்க் கடிகாரத்தின் முள் தன் பாட்டுக்கு நகர்ந்தது. முடிச்சக்கா அந்த ஐந்து விரல்களைப் பார்த்த மாதிரி வாழ்க்கையில் எந்த ஊசியையும் பார்த்ததில்லை.

சுண்டுவிரல் அசைந்தது. பிறகு ஐந்தும்.

"என்னங்க இப்படிப் பயமுறுத்துறீங்க!" அண்ணி அழுதே விட்டார்.

அண்ணனின் உதடு அசைந்தது. இருவரும் காதைக் கொண்டுபோனார்கள். "ஒவ்வொரு மாடியா... நிறுத்தி... பார்க்க வேணாமா?"

நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். தொடை இடுக்கில் ஒரு சின்னக் கட்டு, அவ்வளவுதான். குரல் திரும்பினால் திரும்பும், உறுதி சொல்ல முடியாது என்றார் மருத்துவர். ஒரு மாதம் கழித்து முதல் ஸ்கேன். கூடவே ஒரு சின்ன அட்டை கொடுத்தார்கள். நெஞ்சுக்குள் என்ன வைத்திருக்கிறது, எந்தத் தேதி, எந்த எண் என்று அச்சடித்த அட்டை. எப்போதும் பையில் வைத்திருக்க வேண்டும்.

"பாரு பாப்பா, உன்னோடதா?" கட்டிலில் சாய்ந்தபடி அண்ணன் அட்டையை நீட்டினார்.

அவள் எண்ணைப் படித்தாள். அவள் கம்பெனிதான். கடைசி இரண்டு எழுத்து தைத்த மேசையைச் சொல்லும். அதையும் படித்தாள். அட்டையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து மறுபடி படித்தாள்.

"என்ன முழிக்கிறே? யாரோடது?"

"ஜன்னலோரத்து மேசைண்ணே."

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். பிறகு கண் விரிந்தது. "அந்த ஃபிரிட்ஜ்காரியா? ரேடியோவா? அவ தைச்ச குழாயை யாருக்கு வைக்கிறாங்களோ பாவம்னு தினமும் சொல்லுவியே!"

"சிரிக்காதீங்கண்ணே, கட்டு பிரிஞ்சிடும்."

"பிரிஞ்சா நீ இருக்கியே" என்று அவர் இன்னும் சிரித்தார், காற்றாக.

தைத்தவளிடம் நோயாளியைப் பற்றிச் சொல்லக் கூடாது என்பது கம்பெனி விதி. நோயாளி சொந்த அண்ணனாக இருந்தாலும் விதி விதிதான். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் முடிச்சக்கா தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு, வழக்கமான மூலைக்குப் போகாமல், ஜன்னலோரத்துக்காரியின் எதிரே போய் உட்கார்ந்தாள். ரேடியோ சந்தேகமாகப் பார்த்தாள். கையுறை கழற்றிய அவள் விரல்கள் ஈரத்தில் ஊறிச் சுருங்கி, ஊசி பிடிக்கும் இடத்தில் காய்த்துப் போயிருந்தன. முடிச்சக்கா அந்த விரல்களிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்னக்கா, இந்தப் பக்கம் காத்து அடிக்குது?"

"சும்மாதான். உன் ஃபிரிட்ஜ் எப்படி இருக்கு?"

"ஐயோ அக்கா, அதை ஏன் கேட்கிறீங்க! நேத்து பாருங்க, திடீர்னு சத்தமே நின்னுடுச்சு. நான் பதறிப் போயிட்டேன்."

முடிச்சக்கா டப்பாவின் மூடியைத் திறந்து பாதிச் சாப்பாட்டை அவள் பக்கம் தள்ளினாள்.

"அப்புறம்?" என்றாள்.